'எஸ்' கொடுத்தாதான் பழைய வரி முறை!

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் டிஃபால்ட். ஐடிஆர்-1 ஃபார்ம் 'பழையதா, புதியதா?'ன்னு நேரா கேட்காம, 'புதிய முறையிலிருந்து வெளியேறுகிறீர்களா?'ன்னு கேட்குது. 'நோ' ஏற்கெனவே போட்டிருக்கும். பழைய முறை வேணும்னா 'எஸ்' கொடுக்கணும்!

ஜூலை கடைசி ராத்திரி, அவசரத்துல 'புதிய முறை'ங்கிறது மட்டும்தான் கண்ணுல படும். 'நமக்கு அது வேண்டாமே'ன்னு 'நோ'வை அப்படியே விட்டுடுவோம். எச்ஆர்ஏ, 80சி ரெண்டும் போச்சு. இது உங்க கவனக்குறைவு இல்லைங்க, கேள்வியை வடிவமைச்சவங்க தப்பு. ரெண்டு பட்டன் வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். (சி.ஏ. பரீட்சையிலகூட இப்படிக் குழப்பினதில்லை.)

கெடு தேதி தாண்டிட்டா சம்பளக்காரங்களுக்குப் பழைய முறையே கிடையாது. அதனால, சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ப்ரிவ்யூல அந்த ஒரு வரியை மட்டுமாவது திறந்து பாருங்க.