ஓட்டுக்கு இரட்டை விலையா?

எங்கள் கோட்டுச்சேரிமேட்டிலும் பழுப்பு முட்டை என்றால் 'நாட்டு முட்டை' என்று இரட்டை விலை. நம்மவர்களும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சின் மாரான் கோழி சாக்லேட் நிறத்தில் முட்டையிடும். அதுவும் நாட்டுக்கோழியா?

ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியாவுக்குப் பழுப்பு முட்டை, பல நிற இறகு, பார்வைக்கு அசல் நாட்டுக்கோழி. ஆண்டுக்கு 200 முட்டை வரை இடும். நல்ல கோழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடைக்கு உட்காராது. என் அம்மா வளர்த்த கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் கூடையில் 21 நாள் உட்காரும். கிட்டே போனால் கையைக் கொத்தும். அதன் முட்டை சிறியது, வெளிர் நிறம்.

கலப்பினத்தைக் கலப்பினம் என்று சொல்லி விற்றால் என்ன? கடைக்காரரிடம், "இது அடை உட்காருமா தம்பி?" என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் மெஷின் இருக்கு ஐயா" என்றார். விலையை மட்டும் குறைக்கவில்லை.