கூண்டுக்குள் ஓயாத மழைக்காலம்

உங்களில் சிலர் வீட்டில் ஜீப்ரா பிஞ்ச் குருவிகளை வளர்க்கக் கூடும். கூண்டில் ஒரு சிறு மண்பானையைக் கட்டி, கொஞ்சம் தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் போட்டால் போதும். ஆணும் பெண்ணும் கூடு கட்டிவிடும். பிறகு முட்டை, குஞ்சு, மறுபடியும் முட்டை! "எங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் குஞ்சுதான்" என்று பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பெருமைக்குரியதன்று என்பது என் கருத்து.

ஏன் தெரியுமா? இக்குருவியின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்குள்ள வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில், மழை பெய்து புல் விதைகள் மிகுந்திருக்கும் காலத்தில்தான் அது பெரும்பாலும் குஞ்சு பொரிக்கும். வறட்சி வந்தால் ஓய்வும் வந்துவிடும். நம் கூண்டிலோ தினையும் தண்ணீரும் ஒருநாளும் தீர்வதில்லை. குருவிக்கு அது ஓயாத மழைக்காலம்!

நான் இயற்பியல் ஆசிரியன். எதையும் நிறுத்துப் பார்ப்பது என் பழக்கம். வளர்ந்த குருவியின் எடை சுமார் 12 கிராம். முட்டையின் எடை சுமார் 1 கிராம். நாளுக்கு ஒன்றாக 5 முட்டை இட்டால், தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை அது கொடுத்துவிடுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்தே நாளில் 20 கிலோவைக் கொடுப்பதற்கு இது சமம்! அதன் பின் இரண்டும் மாறி மாறி ஏறத்தாழ இரு வாரம் அடைகாக்க வேண்டும். குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவர மேலும் மூன்று வாரம் இரையூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கை நான் காலம் தாழ்த்தித்தான் போட்டேன். எங்கள் வீட்டுப் பெண் குருவி இடைவெளியின்றி ஐந்தாம் முறை முட்டையிட முயன்றது. முட்டை வெளிவரவில்லை. இறகைச் சிலிர்த்தபடி கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது, மறுநாள் இறந்துவிட்டது. தினையை அள்ளி அள்ளிப் போட்டவன் நான்தான்.

ஆகவே, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். கடைசிக் குஞ்சும் தானே தின்னக் கற்றபின் பானையையும் நாரையும் எடுத்துவிடுங்கள். குருவி வெறுந்தரையிலும் முட்டையிடும். எனவே ஆணையும் பெண்ணையும் அடுத்தடுத்த கூண்டுகளில் சில மாதம் பிரித்து வையுங்கள். ஓடு உறுதியாக அமையச் சுண்ணாம்புச் சத்து தேவை. கணவாய் ஓட்டை எப்போதும் கூண்டில் தொங்கவிடுங்கள்.

மழையை நிறுத்தும் பொறுப்பைக் கூண்டின் சொந்தக்காரர்தான் ஏற்க வேண்டும். நீங்கள் ஏற்பீர்களா?