சரீர சுகம்: கால்களைக் கவனியுங்கள்



ஆசா ராஜாவின் 39ஆம் ஆட்சியாண்டில் அவனைக் கால்நோய் பற்றியதை 2 நாளாகமம் 16ஆம் அதிகாரத்தில் அறிகிறோம். அவன் கர்த்தரை விட்டு வைத்தியரை மாத்திரம் நாடினான். இதைக் காட்டி, விசுவாசிக்கு மருந்து ஆகாது என்போர் நம் சபைகளில் உண்டு. ஆனால் அவன் குற்றம் வைத்தியரிடம் சென்றதல்ல, தேவனைத் தேடாமற்போனதே. எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழப் பற்று இடும்படி ஏசாயாதான் கூறினார். லூக்காவும் வைத்தியரே.

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் நாள் முழுவதும் நின்று உழைக்கும் சகோதரர்களே! நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணிந்து, மீண்டும் நடந்தால் மீண்டும் வலிக்கிறதா? அதை வெறும் களைப்பென்று தள்ளிவிடாதீர்கள். காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கலாம். புகைபிடித்தலும் சர்க்கரை நோயுமே இதற்கு முதன்மையான காரணங்கள். நோய் முற்றினால் இரவிலும் வலிக்கும், புண் ஆறாது, விரல் கறுக்கும். சர்க்கரை நோயாளிக்கு உணர்வு மங்கியிருப்பதால் வலி தெரியாமலேயே புண் பெருகக்கூடும். சாட்சி கெடும் என்று அஞ்சி நோயை மறைத்தால், ஒரு விரலோடு நிற்க வேண்டியது முழங்கால்வரை செல்லும்.

கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய பரிசோதனை உண்டு. விகிதம் 0.9க்குக் குறைந்தால் அடைப்பு இருக்கிறதென்று கொள்வர்.

இவ்வடைப்பை நீக்கும் வழிகளில் ஒன்று லேசர். 1981இல், சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசனும் அவருடைய இரு சகாக்களும் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் எக்ஸைமர் லேசரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். நன்றி கூறும் நாள் விருந்தில் மீந்த வான்கோழியின்மேல் அக்கதிரைச் செலுத்தியபோது, சுற்றிலும் கருகாமல் திசு நுட்பமாக அகன்றது. கண் அறுவைக்கு வழிதிறந்த அதே தத்துவம் இரத்தக்குழாய்க்கும் பயன்படுகிறது. தொடையிடுக்கின் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலிருந்து 308 நானோமீட்டர் புறஊதாக் கதிரால் அடைப்பைச் சிதைப்பர். பின்னர் பெரும்பாலும் பலூனால் விரிப்பர்.

ஆயினும் இது எல்லோருக்கும் ஏற்றதன்று. மீண்டும் அடைப்பு வரக்கூடும். பலருக்குப் பலூனோ பைபாஸ் அறுவையோ போதுமானது. சுருள் நரம்புக்குச் செய்யும் லேசர் வேறு, அது சிரைக்கானது. விளம்பரம் கண்டு மயங்காமல், எது தேவையென்று இரத்தக்குழாய் நிபுணரிடம் கேளுங்கள். நம் நகரின் மருத்துவக் கல்லூரி வளாகத்தில், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இரத்தக்குழாய் அறுவைப் பிரிவு உண்டு. முதலில் உங்கள் மருத்துவரைக் கண்டு, அவர் தரும் கடிதத்தோடு செல்லுங்கள்.

திடீரெனக் கால் குளிர்ந்து வெளுத்து, கடுமையாக வலித்தால் ஒரு மணி நேரமும் தாமதியாதீர்கள். புகையை அடியோடு விடுங்கள். இரவு குடும்ப ஜெபத்துக்குப்பின் வீட்டிலுள்ள முதியோரின் பாதங்களை விளக்கொளியில் பாருங்கள். சீஷர்களின் கால்களைக் கழுவினவர் அந்தச் சிறு பணியிலும் மகிமைப்படுவார்.

ஜெபத்தோடே மருத்துவமனைக்குச் செல்வது அவிசுவாசமன்று. சுகம் தருகிறவர் கர்த்தரே. ஆமென்.