தீவுகளின் விமானங்களும் அவற்றைப் பேணும் கைகளும்

நம் கடற்படையின் விமானத் தளங்களுக்குப் பறவைகளின் பெயரைச் சூட்டுவது வழக்கம். அரக்கோணத்தில் இராஜாளி, இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் பருந்து என்னும் தமிழ்ப் பெயர்களே வழங்குகின்றன. அந்தமான் நிகோபார்த் தீவுகளில் இத்தகைய தளங்கள் மூன்று உள. போர்ட் பிளேயர் என வழங்கி 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய தலைநகரில் உத்குரோஷ் இருக்கிறது. பெரிய நிகோபாரின் காம்ப்பெல் விரிகுடாவில் பாஸ் 2012 ஜூலையிலும், வட அந்தமானின் திக்லிப்பூரை அடுத்த சிப்பூரில் கோஹாஸா 2019 ஜனவரியிலும் தொடங்கப்பெற்றன. தளத்திற்குப் பறவையின் பெயரிடுதல் எளிது. அங்குள்ள விமானத்தை எந்நாளும் பறக்கும் நிலையில் வைத்திருத்தலே அரிது.

இத்தீவுத் தொடர் வடக்குத் தெற்காக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. தலைநகரிலிருந்து காம்ப்பெல் விரிகுடா ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. கப்பல் ஏறத்தாழ முக்கால் நாள் ஓடிக் கடக்கும் அத்தூரத்தை டார்னியர் விமானம் இரண்டு மணி நேரத்திற்குள் கடந்துவிடும். மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்லும் வணிகக் கப்பல்களைக் கண்காணித்தல், காணாமற்போன மீன்படகைத் தேடுதல், கடும் நோயுற்றோரைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொணர்தல் ஆகிய யாவும் அவ்விமானங்களையே சார்ந்துள்ளன.

ஒரு கடற்படை விமானங்களைப் பெறும் வழிகள் மூன்று. முதலாவது, அயல்நாட்டில் விலைக்கு வாங்குதல். 1953-இல் கொச்சிக்கு வந்த சீலாண்டு விமானங்களும், 2009-இல் ஒப்பந்தமாகி 2013 முதல் அரக்கோணத்தை அடைந்த போயிங் பி-8ஐ விமானங்களும் இவ்வகையின. இரண்டாவது, அயலார் வடிவமைப்பை உரிமம் பெற்று இங்கே கட்டுதல். ஜெர்மானிய வடிவமைப்பான டார்னியர், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் கான்பூர் ஆலையில் இவ்வாறே உருவாகிறது. மூன்றாவது, நாமே வடிவமைத்தல். அந்நிறுவனம் பெங்களூரில் ஆக்கிய துருவ் ஹெலிகாப்டர்களைக் கொண்ட 325-ஆம் அணி 2022 ஜனவரியில் உத்குரோஷ் தளத்தில் அமைக்கப்பெற்றது.

விமானம் வந்து சேர்ந்த நாளோடு பொதுமக்களின் கவனம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அன்றுதான் பணி தொடங்குகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு அலுமினியக் கலப்புலோகத்தையும் மின் இணைப்புகளையும் ஓயாது அரிக்கும். கடலின் மீது தாழப் பறந்து திரும்பும் விமானத்தை நன்னீரால் கழுவுதல் வேண்டும். அதன் பொறியின் உட்பகுதியையும் உரிய முறைப்படி தூய்மை செய்தல் வேண்டும். ஆண்டில் பெரும்பகுதி மழை பொழியும் இத்தீவுகளில் மூடிய கொட்டகையின்றி இப்பணிகள் செவ்வனே நிகழா. சிறியதோர் உதிரிப் பாகம் கிட்டாமையால் முழு விமானமே தரையில் முடங்குவதுண்டு.

விமானங்கள் சிலவே உள்ள இடத்தில் பெரும் பழுதுபார்ப்பு நிலையம் அமைத்தல் வீண் செலவு என்று சிலர் கூறுவர். பொறியை முற்றும் பிரித்துச் சீர்செய்யும் பணியைப் பொறுத்தவரை அக்கூற்று சரியே; அதற்குப் பெருநிலத்து ஆலைகளே ஏற்றவை. ஆயினும், நாள்தோறும் தேவைப்படும் உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் பயின்ற தொழில்நுட்பரும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருப்பது சிக்கனமாகாது. விமானத்தின் விலையைக் கணக்கிடும்போதே, அது உழைக்கும் காலம் முழுவதற்குமான பராமரிப்புச் செலவையும் தீவுத் தளத்தின் தேவையையும் சேர்த்தே கணக்கிடுதல் முறையாகும்.

2025 ஜனவரி 5-ஆம் நாள் போர்பந்தரில் கடலோரக் காவற்படையின் துருவ் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து மூவர் உயிரிழந்தனர். அதன்பின் நாடெங்கும் அவ்வகை ஹெலிகாப்டர்கள் யாவும் பறத்தலினின்று நிறுத்தப்பட்டன. சுழல் இறகுகளின் சாய்வை ஆளும் உறுப்பில் முறிவு நேர்ந்திருந்தது. இதனால் உள்நாட்டு ஆக்கத்தைக் கைவிடுதல் வேண்டும் என்பது பொருளன்று. கடற்சூழலில் ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு தேய்கிறது என்று பணியாளர் எழுதும் குறிப்புகள் ஆக்குவோரைத் தடையின்றி அடைதல் வேண்டும். ஒரே வகையை மட்டும் நம்பித் தீவுகளை விட்டுவிடலாகாது என்பனவே அதன் பாடம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நிகோபாரின் படகுத் துறைகளை அழித்தது. கார் நிகோபாரின் விமானப் படைத் தளமும் பெரும் சேதமுற்றது. எனினும் ஓடுபாதையின் எஞ்சிய பகுதியில் விமானங்கள் இறங்கி மக்களை மீட்டன. அன்று பறக்கக்கூடிய நிலையில் இருந்த விமானங்களே பயன்பட்டன. ஏட்டில் மட்டும் இருப்பவை எவருக்கும் உதவா. விமானியின் வீரத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்கள், உப்பைக் கழுவித் திருகாணியைச் சோதித்துக் குறிப்பேட்டில் உண்மையை எழுதும் தொழில்நுட்பரின் பணியையும் உடன் எடுத்துரைப்பாராயின், அப்பணியை விரும்பி ஏற்கும் இளைஞர் தீவுப் பள்ளிகளிலிருந்தே தோன்றுவர்.