ஏப்ரலில் எங்களோடு உட்காருங்கள்

தஞ்சை மாவட்டத்து ஊர்களில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் நாங்கள். ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்த பிள்ளை, அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர வேண்டும். பஸ்ஸில் சில கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தில்தான் எங்கள் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகிறது. அது அறுந்துபோகாமல் இருக்கச் செய்ய வேண்டியவற்றைக் கீழே எழுதியிருக்கிறோம். இவற்றுக்கு இன்னும் எத்தனை ஜூன் காத்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

"எங்களிடம் ஆள் இல்லை, சிறப்புப் பள்ளியில் போடுங்கள்" என்ற பதிலை எந்தப் பள்ளியும் இனிச் சொல்லக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 31ஆம் பிரிவில், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வு பிள்ளையுடையது.

இன்று பிள்ளையோடு புதிய பள்ளிக்குப் போவது மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான். மணி அடித்தால் ஒருவன் காதைப் பொத்திக்கொள்வான். கரும்பலகையைப் பார்த்து எழுதமாட்டான், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். வலிப்பு மாத்திரை பகல் ஒரு மணிக்கு. வகுப்பு சிரித்துவிட்டால் ஒருத்தி மூன்று நாள் வாய் திறக்கமாட்டாள். இதெல்லாம் தெரிந்த ஆசிரியர் பழைய பள்ளியிலேயே இருந்துவிடுகிறார். புதிய பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். அவர்கள் பிள்ளையைப் புரிந்துகொள்வதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். பிள்ளை வீட்டுத் திண்ணைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே ஏப்ரலிலேயே இரண்டு பள்ளி ஆசிரியர்களும் சிறப்புப் பயிற்றுநரும் பெற்றோரும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். பேசியது இரண்டு பக்கக் குறிப்பாகச் சான்றிதழோடு போக வேண்டும். விடுமுறைக்கு முன்பே பிள்ளையை அழைத்துப்போய் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், பஸ் நிற்கும் இடம் எல்லாம் காட்ட வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரின் ஒரு சுற்றறிக்கை இதற்குப் போதும்.

இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை வகுக்க வேண்டுமென்று ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று சொன்னது. 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவிக்கச் சொன்னது. இங்கோ வட்டார வள மையத்துப் பயிற்றுநர் ஒருவரே பள்ளி பள்ளியாக அலைகிறார். அவர் உழைப்பில் குறையில்லை. மாவட்டத்தின் 14 ஒன்றியங்களிலும் எத்தனை பிள்ளைகள், எத்தனை பணியிடங்கள் என்று கணக்கெடுத்து வெளியிடுங்கள், நிரப்புங்கள். பள்ளிக் கல்வி நிதிக்காகத் தில்லி அரசுக்கும் சென்னை அரசுக்கும் இடையே உள்ள வழக்கு முடியட்டும் என்று எங்கள் பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு காத்திருக்காது.

பிள்ளை சேரும் வகுப்பு மாடியில் இருந்தால் அதைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். சாய்தளமும் கைப்பிடி வைத்த கழிப்பறையும் பள்ளி திறக்குமுன் தயாராக வேண்டும். கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாவட்டம் இது. ஓட முடியாத பிள்ளையை மாடியில் உட்காரவைக்கக் கூடாது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளி திறப்பதும், நடவுக்காக மேட்டூர் அணை திறப்பதும் ஒரே ஜூனில். எந்திர நடவு வந்த பிறகு நடவுக் கூலி கிடைப்பதே சில நாட்கள். பிள்ளைக்குத் துணையாகப் பஸ் ஏறும் தாய் அதையும் இழக்கிறாள். பயணப்படியும் துணையாளர் படியும் ஜூன் முதலே மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தமாக வரும் பணம் இன்றைய பஸ்ஸுக்கு உதவாது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. அவற்றுக்கான மருத்துவச் சான்றை ஒன்பதாவதிலேயே முடித்துக் கொடுங்கள். அதற்கான மருத்துவ முகாமைக் கும்பகோணத்திலும் பட்டுக்கோட்டையிலும் நடத்துங்கள்.

இப்போது எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வரும் ஜூனில் ஒன்பதாவது தொடங்குகிறது. ஏப்ரல் கூட்டத்தின் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள். நாங்கள் வந்து உட்காருகிறோம்.