இலவச மென்பொருளுக்கும் செலவு உண்டு

ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறமூல மென்பொருள் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது 'இலவசம்' என்ற சொல்தான். லினக்ஸ் இலவசம், லிப்ரே ஆபிஸ் இலவசம், ஃபயர்பாக்ஸ் இலவசம். ஒரு நிறுவனம் இவற்றைப் பயன்படுத்த முடிவு செய்யும்போதும் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான் செய்கிறது. பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு சின்னக் கேள்வி. 2019-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹாட் நிறுவனத்தை வாங்கியது. ரெட் ஹாட்டின் முக்கியச் சரக்கு லினக்ஸ். லினக்ஸின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அப்படியானால் இத்தனை பணம் எதற்கு? ரெட் ஹாட் விற்று வந்தது பராமரிப்பை. ஓட்டைகளை அடைப்பது, புதிய பதிப்புகளைச் சோதித்துத் தருவது, கோளாறு என்றால் பதில் சொல்ல ஆள் வைத்திருப்பது ஆகியவற்றுக்குத்தான் வாடிக்கையாளர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பேரேட்டில் 'உரிமக் கட்டணம்' என்ற கணக்கில் பூஜ்யம் இருக்கலாம். ஆனால் பயிற்சி, பராமரிப்பு, சம்பளம் ஆகிய கணக்குகள் இருந்தே ஆக வேண்டும். உரிமத்தில் மிச்சமான பணத்தை லாபம் என்று எழுதிவிட்டு மற்ற கணக்குகளைத் திறக்காமலே விடும் நிறுவனம், செலவைத் தவிர்க்கவில்லை. தள்ளிப்போடுகிறது. அவ்வளவுதான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

நம் ஊர் சிபில் போல, அமெரிக்கர்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம் ஈக்விஃபாக்ஸ். அதன் இணையச் சேவை ஒன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறமூல மென்பொருளில் ஓடியது. 2017 மார்ச் மாதம் ஸ்ட்ரட்ஸில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. அதை உருவாக்கியவர்கள் உடனே திருத்தத்தையும் வெளியிட்டார்கள், அதுவும் இலவசமாக. எச்சரிக்கை ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்குள்ளும் சுற்றுக்கு விடப்பட்டது. ஆனால் எந்தெந்தக் கணினியில் ஸ்ட்ரட்ஸ் இருக்கிறது என்ற முழுப் பட்டியல் அவர்களிடம் இல்லை. ஒரு கணினி விடுபட்டுப் போனது. மே மாதம் அதன் வழியாக உள்ளே நுழைந்தவர்களை ஜூலை இறுதியில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்கள் போய்விட்டன. 2019-இல் குறைந்தது 57.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

திறமூல மென்பொருள் ஆபத்தானது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. அது சரியல்ல. மருந்து தயாராகி மாதங்கள் ஆகியும் போட்டுக்கொள்ளாதது யார் குற்றம்? வாங்கிய மேசை நாற்காலிக்கெல்லாம் இருப்புப் பதிவேடு வைக்கும் நிறுவனங்கள், காசு கொடுக்காமல் வந்த மென்பொருளைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. பில் இல்லாத பொருள் கணக்கிலும் இல்லை!

இரண்டு மாற்றங்கள்

பிரான்ஸ் நாட்டின் ஜாந்தார்மெரி காவல் படை, 2005-இல் எம்.எஸ். ஆபிஸுக்குப் பதிலாக ஓப்பன் ஆபிஸைக் கொண்டுவந்தது. 2006-இல் ஃபயர்பாக்ஸும் தண்டர்பேர்டும் வந்தன. பணியாளர்களுக்கு இவை பழகிய பிறகு, 2008-இல்தான் இயங்குதளத்தையே மாற்றி உபுண்டுவுக்குப் போகத் தொடங்கியது. அன்றாடம் தொடும் மென்பொருள்கள் ஏற்கெனவே பழகியிருந்ததால், அடியில் இருந்த இயங்குதளம் மாறியது பெரிய அதிர்ச்சியாகவில்லை. தங்களுக்கென்று ஜென்புண்டு என்ற பதிப்பையே வைத்துப் பராமரிக்கிறார்கள். 2024 வாக்கில் ஏறக்குறைய 1 லட்சம் கணினிகள் அதில் ஓடின.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியும் 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவு செய்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிக் காட்டியது. ஆனால் 2017-இல் மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதாக வாக்களித்தது. இதில் அரசியலும் கலந்திருந்தது. இருந்தாலும் 2016-இல் மாநகராட்சிக்காகத் தயாரான ஆலோசனை அறிக்கையே, தகவல் தொழில்நுட்பப் பிரிவுகள் சிதறிக் கிடந்த நிர்வாக அமைப்பைத்தான் பெரிய குறையாகச் சுட்டியது. அந்தக் குறை எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் கூடவே வரும். 2020-இல் அமைந்த கூட்டணி, இயன்ற இடங்களில் திறமூலத்துக்கே முன்னுரிமை என்று மறுபடியும் முடிவு செய்தது.

என்ன செய்யலாம்?

1. பட்டியல்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கணினியில் என்று எழுதி வைக்க வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, அது தங்களிடம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் நாட்கணக்கில் திண்டாடின.

2. பொறுப்பாளர்: திருத்தம் வந்ததும் போட ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். சிறிய நிறுவனத்தில் அதற்கு ஆள் இல்லை என்றால், சந்தா கட்டி வெளியிலிருந்து சேவை வாங்கலாம். அதில் தவறே இல்லை.

3. பயிற்சி: பத்து வருடம் எக்செல்லில் வேலை பார்த்த கணக்கருக்கு ஒரே இரவில் கால்க்கைக் கொடுத்துவிட்டு, "இது சரியில்லை" என்று அவர் சொன்னால் கோபப்படக் கூடாது.

4. உரிமம்: திறமூலம் என்றால் நிபந்தனையே இல்லை என்று அர்த்தமல்ல. ஜி.பி.எல். உரிமம் கொண்ட நிரலை அலுவலகத்துக்குள் பயன்படுத்தும் வரை சிக்கல் இல்லை. அதைத் தன் பொருளில் வைத்து விற்றால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். லின்க்ஸிஸ் நிறுவனம் 2003-இல் தன் ரவுட்டரின் மூலநிரலை வெளியிட நேர்ந்தது இப்படித்தான்.

5. திருப்பிக் கொடுத்தல்: இது தர்மம் என்று நினைத்தால் தவறு. இணையத்தளங்களில் மிகப் பலவற்றுக்குப் பூட்டாக இருக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். திட்டத்துக்கு 2014 வரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. அந்த ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை தெரியவந்த பிறகே பெரிய நிறுவனங்கள் கைகோத்துப் பணம் போட்டன. நாம் நம்பியிருக்கும் பாலத்துக்கு நாமே சிமெண்ட் வாங்கித் தருவது காப்பீட்டுப் பிரீமியம் போன்றது. கொடுக்கப் பணம் இல்லையென்றால், கண்ட பிழையை ஒழுங்காக எழுதி அனுப்புவதும், தமிழாக்கத்தில் உதவுவதும் பங்களிப்புதான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மென்பொருள் விஷயத்தில் பல்லையும் பார்க்க வேண்டும், தொழுவத்தில் கட்டிய பிறகு தீனியும் போட வேண்டும். உரிமத்தில் மிச்சமாகும் ரூபாயில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கும் நிறுவனத்துக்குத் திறமூலம் போல நல்ல முதலீடு வேறில்லை. ஒதுக்க மனமில்லாத நிறுவனம், பேசாமல் உரிமக் கட்டணத்தைக் கட்டிவிடுவதே மேல்.