தன்னைத் தானே நகுதல்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அவற்றுள் எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியர், நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளியவிடத்து நாமே சிரிப்பது மற்றொன்று என இரண்டாகப் பகுத்தார். முன்னதற்குச் சான்று கேட்டால் எந்த மாணவரும் திரைப்படங்களிலிருந்து பத்துக் காட்சிகள் சொல்வார். பின்னதற்கு அமெரிக்க நகைச்சுவை நடிகை மிண்டி கேலிங் தம் வாழ்வைப் பற்றி எழுதிய கட்டுரைகளைச் சான்றாகக் காட்ட விரும்புகிறோம்.

இவருடைய தந்தையார் தமிழர், தாயார் வங்காளி. நைஜீரியாவில் பணியாற்றியபோது சந்தித்து மணந்த அவ்விருவரும் 1979இல் அமெரிக்காவில் குடியேறினர். அவ்வாண்டே பிறந்த மகளுக்கு வேரா மிண்டி சொக்கலிங்கம் என்று பெயர். மிண்டி என்பது அந்நாட்டுத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் நாயகி பெயர். அவர் மேடையேறத் தொடங்கிய காலத்தில் அறிவிப்பாளர்களின் நாவில் 'சொக்கலிங்கம்' படாத பாடு பட்டது. எனவே 'கேலிங்' ஆயிற்று. நன்னூல் கற்றார்க்கு இது முதற்குறையா, கடைக்குறையா என்ற ஐயம் எழலாம், இரண்டுந்தான். எஞ்சிய பெயரில் நம் செவிக்குக் 'கேலி' ஒலிப்பது தற்செயலே.

'தி ஆபீஸ்' என்னும் தொடருக்கு எழுத அமர்த்தப்பட்டபோது அவருக்கு வயது 24. எட்டுப் பேர் கொண்ட எழுத்தாளர் குழுவில் அவர் ஒருவரே பெண். 2005இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அத்தொடரில் நடிக்கவும் செய்தார். கட்டுரை நூல்கள் 2011, 2015, 2020ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. முதல் நூலின் தலைப்பே, எல்லாரும் நம்மை விட்டுவிட்டுக் கூடிக் களிக்கிறார்களோ என்று ஏங்கும் ஒரு கேள்வி. பருத்த உடல் கொண்ட சிறுமியாய் இருந்ததையும், பள்ளியில் எவரும் பொருட்படுத்தாத மாணவியாய் இருந்ததையும் அதில் மறைக்காமல் எழுதுகிறார்.

இதழொன்றுக்குப் படமெடுக்கச் சென்ற நிகழ்ச்சி அதில் நம் நெஞ்சைத் தொட்டது. அங்கிருந்த அழகிய ஆடைகள் யாவும் கொடியிடையார்க்கு அளவெடுத்தவை. அவருக்குப் பொருந்தியது களையற்ற கருநீல உடை ஒன்றே. கழிவறைக்குள் சென்று அழுதார். பின் வெளியே வந்து, தமக்குப் பிடித்த ஆடையையே எடுத்து, முதுகுப்புறத்தைப் பிரித்து வேறு துணி வைத்துத் தைக்கச் சொல்லி உடுத்திக்கொண்டார். படத்தில் முன்புறந்தானே விழும்! இதே காட்சியை வேறொருவர் திரைக்கு எழுதியிருப்பின் அவ்வுடல்தான் நகைப்பொருளாகியிருக்கும். அவரே எழுதியதனால் அந்த ஆடைகளைக் கொண்டுவந்து அடுக்கியவர்களை எண்ணி நாம் சிரிக்கிறோம். எல்லாக் கட்டுரைகளும் இத்தரத்தன அல்ல. திரையுலக வம்பும் வெறும் பட்டியலுமாய்க் கழியும் பக்கங்களும் உள.

நடிகையின் நூலுக்குத் தமிழ்த்துறை மலரில் இடமா என்று நம் பெரியவர்கள் வினவக்கூடும். 'பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு' என்னும் பழமொழி இன்னும் நம் வீடுகளில் உலவுகிறது. ஆனால் நம் மார்க்கம் தடுப்பது சிரிப்பையன்று. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் பிறரைப் பரிகசிப்பதையும் இழிபெயர் சூட்டுவதையுந்தான் விலக்குகிறது. ஆண்களுக்குச் சொன்னதைப் பெண்களுக்கும் தனித்து எடுத்துரைக்கிறது. பேராசிரியர் காட்டிய முதல் வகை எள்ளல் அங்கே தடைபடுகிறது. இரண்டாம் வகையால் எவர் மனம் புண்படும்? மூதாட்டியர் சுவனம் புகார் என்று கூறி, கலங்கிய மூதாட்டியிடம் அவர்கள் இளமை எய்தியே புகுவர் என்று விளக்கி மகிழ்வித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இன்சுவை நாம் அறிந்ததே.

ஆண்டுதோறும் நம் மாணவியர் மலருக்குத் தரும் படைப்புகளில் நிலவும் தாயும் நிறைந்திருக்க, எழுதிய பெண்ணை மட்டும் காண முடிவதில்லை. எழுதப் பொருளா இல்லை? ரேஷன் அட்டையில் ஒன்றாகவும், மதிப்பெண் சான்றிதழில் வேறாகவும், பேருந்துப் பயண அட்டையில் எவருக்கும் புரியாததாகவும் அச்சேறும் அரபுப் பெயர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அப்பெயருக்குரிய பெண் அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கிய கதையை அவளே எழுதித் தரட்டும். அடுத்த மலரில் முதற்பக்கத்தை ஒதுக்கித் தருமாறு பதிப்புக் குழுவிடம் நாம் பரிந்துரைப்போம். அச்சகத்தாரும் பெயரைப் பிழையாகக் கோத்துவிட்டால் அவளுக்கு மற்றொரு கட்டுரை கிடைக்கும்.